பயந்தாங்கொள்ளி டெய்லர்

"எனக்குப் பயமா இருக்கு. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

மேலகரத்தில் எங்கள் வளவுக்குள் பாம்பு வரும்போதெல்லாம், அதைப் பிடிக்க வந்த மனிதர் முதலில் சொன்னது இதுதான். ஒரு தடவை, ரெண்டு தடவை இல்லை. நான் அங்கே குடியிருந்த பதினோரு வருஷமும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னார். பாம்பு சின்னதாக இருந்தாலும் சொன்னார், பெரிசாக இருந்தாலும் சொன்னார். ஒரு நாள் வெறும் தண்ணிப்பாம்பு. நானே வாரியலால் தள்ளிவிட்டிருப்பேன். அதற்கும் அதையேதான் சொன்னார்.

வளவு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக எட்டு வீடு. எட்டுக்கும் சேர்த்து ஒரு கிணறு, ஒரு புறவாசல். புறவாசலைத் தாண்டினால் வயல். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்களுக்குத் துணி காயாது. வளைக்குள் தண்ணி ஏறிவிடும், தவளையெல்லாம் புறவாசலுக்கு வந்துவிடும், தவளை பின்னாலேயே அதுகளும் வரும். அவருடைய கடை வளவின் தெருப்பக்கத்து முன்னறை. வீடு ரெண்டு தெரு தள்ளி. தையல் மிஷின் சத்தம் கேட்கிறது என்றால் டெய்லர் பாய் கடையில் இருக்கிறார் என்று அர்த்தம், நாங்கள் தைரியமாகப் புறவாசலில் துணி துவைக்கலாம்.

நான் கோவில்பட்டிக்காரி. எங்கள் ஊரில் தேளுக்குப் பஞ்சமில்லை, பாம்பு அவ்வளவாகக் கிடையாது. கல்யாணமாகி வந்த மூன்றாவது வாரம், அடுப்படியில் தண்ணி போகிற அங்கணக்குழி வழியாக ஒன்று தலையை நீட்டியது. நான் ஆட்டுரல் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினேன். பக்கத்து வீட்டு அக்கா என்னை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, நேரே தெருவைப் பார்த்து, "டெய்லர் பாயைக் கூப்பிடுங்க" என்றாள். பெரிய மீசை வைத்த ஆள் ஒருத்தர் வருவார் என்று பார்த்தேன். கழுத்தில் டேப்பும், ஒரு பக்கம் கம்பி ஒடிந்து நூல் கட்டிய கண்ணாடியுமாக ஒல்லியாக ஒருத்தர் வந்தார். நாற்பது வயதிருக்கும். வாசற்படியிலேயே நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அன்றைக்கும் நீளம்தான். உரல் மேல் நின்றபடியே கேட்டேன்.

"பயம்னா என்னத்துக்குப் பாய் வாறீங்க?"

"கூப்பிட்டீங்கள்லா. கூப்பிட்டு வராம இருக்கவும் பயமா இருக்கே தங்கச்சி."

அவரிடம் ஒரு சாமான் இருந்தது. யாரோ பாரஸ்ட் கார்டு ஒருத்தர் காக்கித் துணி கொடுத்து, அளவும் கொடுத்துவிட்டு, மாற்றலாகிப் போனவர் திரும்பி வரவே இல்லையாம். அந்தக் கால்சட்டையில் ஒரு காலை வெட்டி, கீழ்ப்பக்கத்தை ரெட்டைத் தையல் போட்டு மூடியிருந்தார். மேல்வாயில் சாண் அளவு மூங்கில் குழாய் ஒன்றை வைத்துத் தைத்திருந்தார். அதைச் சுவரோரமாகத் தரையில் போட்டுவிட்டு, துணி அளக்கிற கெஜக்கோலை எடுத்துக்கொண்டு அடுப்படியின் மறுகோடிக்குப் போய்விடுவார். அங்கிருந்து தரையில் டொக்கு டொக்கென்று தட்டுவார். அவ்வளவுதான் அவர் வித்தை. பாம்பு சுவரை ஒட்டிப் பையப் பைய நகரும், இருட்டாக ஒரு வாய் தெரிந்ததும் தானாக உள்ளே போகும். வால் நுனி மறைந்ததும் கெஜக்கோலால் துணியை மடக்கி, நாடாவால் கட்டுவார். கட்டும்போது அந்தக் கை ஆடும் பாருங்கள், ஊசியில் நூல் கோர்க்கிற கை என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

"அதுக்கும் பயம், எனக்கும் பயம். ரெண்டு பேருக்கும் ஒரு வாசல் இருந்தாப் போதும் தங்கச்சி" என்றார் அன்றைக்கு. பிறகு பத்தடி மூங்கில் கம்பின் ஒரு நுனியில் அந்தக் காக்கிக் காலைத் தொங்கவிட்டு, மறு நுனியைத் தோளில் வைத்துக்கொண்டு சிற்றாற்றுப் பக்கம் நடந்தார். கம்பு தெரு முக்கில் திரும்புவதற்கே ஒரு பாடு பட்டது. பாம்புக்குக் கால்சட்டை தைத்த ஒரே டெய்லர் என்று வளவுப் பெண்கள் அவர் காது படவே சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

பாம்புக்கு மட்டும் பயந்தார் என்றால் அது ஒரு விஷயமே இல்லை. எல்லாவற்றுக்கும் பயம். வளவுக்குக் கரண்டு வந்த புதுசில் சுவிட்சை மரஸ்கேலால் தள்ளித்தான் போடுவார். நாவிதர் கத்தியைத் தீட்டினால் எழுந்து நின்றுவிடுவாராம். எங்கெங்கிருந்தோ ஜனங்கள் ரயிலேறி வந்து குற்றாலத்து அருவிக்குள் தலையைக் கொடுக்கிறார்கள், இவர் மூன்று மைலில் இருந்துகொண்டு, பாறையோரமாக ஒழுகுகிற தண்ணியைச் செம்பில் பிடித்துத் தலையில் ஊற்றிக்கொண்டு வருவார். துணி வெட்டும்போதுகூட, கத்தரியைக் கையில் எடுத்துவிட்டு, "பயமாத்தான் இருக்கு" என்று ஒரு தடவை முனகுவார். பிறகு திரும்ப அளப்பார். என் கல்யாணச் சீலைக்குப் புதுசாக இன்னொரு ரவிக்கை வெட்ட நாலு தடவை அளந்தார், நான் நின்று நின்று கால் கடுத்துப் போனேன். ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஊரில் யாருடைய துணியையும் அவர் கெடுத்ததாகப் பேச்சே இல்லை.

ஒரு தடவை அரிசி மில் முதலாளி ஒருத்தர், சட்டை வாங்க வந்தவர், பத்துப் பேர் முன்னால் அவரைக் கேட்டார். "ஏன்வே, ஆம்பிளை ஒருத்தன் வாயைத் திறந்து பயம் பயம்னு சொல்லிக்கிட்டு அலையலாமா?"

"சொல்லாட்டா மட்டும் போயிருதா மொதலாளி? உள்ளேயே கெடந்து கையை உதற வைக்கும். வெளியே சொல்லிட்டேம்னா கொஞ்சம் எடம் கெடைக்கி, அதுல வேலையப் பாத்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தப் பேச்சு அப்போது பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஒரு ஆபீசில் கிளார்க். நல்ல மனுஷன், கோபம் வராது, குரல் உயராது. எது நடந்தாலும் "சரியாயிரும்" என்பார். முதல் பிள்ளை மூன்றாம் மாசத்தில் கலைந்தபோது சரியாயிரும் என்றார். ரெண்டாவதும் போனபோது அதையே சொல்லிவிட்டு மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார். இவருக்கு நெஞ்சு இருக்கிறதா இல்லையா என்று நான் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

மூன்றாவது தடவை உண்டானபோது சுந்தரபாண்டியபுரத்திலிருந்து என் மாமியார் வந்தாள். வந்ததும் மகனை உட்கார வைத்து, பிள்ளை பிறக்கிறவரைக்கும் எதெது ஆகாது என்று சொன்னாள். முடி வெட்டக் கூடாது, பச்சை மரத்தில் கை வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பாம்பை அடிக்கவே கூடாது. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் பாம்பை அடித்துக் கொன்றால் அந்தப் பிள்ளை தங்காது, இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். "ஓணானைக்கூட ஏறிட்டுப் பாக்காதலே" என்றாள். ஆபீசில் எல்லாரும் கேலி பண்ணியும் இவர் தாடியோடுதான் போய்வந்தார். அதைப் பார்த்துத்தான், மனுஷன் மனசிலும் என்னமோ கிடக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

நாலாம் மாசம். ஆனி. சாரல் விட்டு வெயில் எட்டிப் பார்த்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். நான் புறவாசல் கல்லில் ரெண்டு துணியை அலசிக்கொண்டிருந்தேன். இவர் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து நல்ல பாம்பு ஒன்று வந்தது. என்னைப் பார்த்ததும் எழும்பிப் படத்தை விரித்தது. எனக்கும் அதற்கும் நாலு முழம்கூட இருக்காது. என் கையில் ஈரத்துணி, காலை எடுக்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துவிட்டு, "டெய்லர் பாய்" என்று தெருப்பக்கம் ஓடினாள். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு அவர் கடையில் எப்படி இருப்பார்? ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். கடைப் பலகை பூட்டிக் கிடந்தது.

எங்கள் வீட்டுக்காரர் துணி காயப்போடுகிற கொடிக்கம்பைப் பிடுங்கினார். ஒரே அடி. பாம்பு சுருண்டு அசையாமல் கிடந்தது.

அடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. கம்பைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார். கம்பு தானாகக் கையிலிருந்து விழுந்தது. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடிச்சிட்டேனே... நானே அடிச்சிட்டேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் காப்பாற்றத்தான் அடித்தார், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த நிமிஷம் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை. என் கை தானாக வயிற்றில் போய் நின்றது. இதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன்.

எட்டு வீட்டுப் பெண்களும் கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு யோசனை. வளவு வீட்டுக்காரம்மா ஒரு டம்ளர் பாலும், ஒரு துண்டுப் பட்டும் கொண்டுவந்து, முறைப்படி அடக்கம் பண்ணிவிட்டால் தோஷம் குறையும் என்றாள். என் மாமியார் மூலையில் நின்று தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

அப்போதுதான் டெய்லர் பாய் தொழுகை முடிந்து, வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். நடந்ததை அக்கா சொல்லி முடித்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு. எல்லாரும் தள்ளி நில்லுங்க."

எல்லாரும் தள்ளி நின்றோம். அவர் கெஜக்கோலைக்கூட எடுக்கவில்லை. தூரத்தில் குத்த வைத்து உட்கார்ந்து ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடி வாலுக்குச் சற்று மேலே விழுந்திருந்தது. அந்த இடம் பிய்ந்து, ரத்தம் கசிந்திருந்தது.

"விலா அசையுது. மூச்சு இருக்கு" என்றார். "பாலை எடுத்துட்டுப் போங்கம்மா, அதுக்கு இன்னும் வேலை வரல."

என் அடுப்படியிலிருந்து ஊதுகுழலும் மஞ்சள்பொடியும் கேட்டார். குழலுக்குள் மஞ்சளைப் போட்டு, முடிந்த மட்டும் எட்டி நின்று, காயத்தின் மேல் ஊதினார். ஊதுவதற்கு முன்னால் மூன்று தடவை பின்வாங்கினார், நான் எண்ணினேன். பிறகு கடையிலிருந்து அந்தக் காக்கிக் காலையும் கெஜக்கோலையும் எடுத்துவந்து, பாம்பைக் கோலால் மெதுவாக அதற்குள் நகர்த்தினார். வழக்கமாக ஓடிப் போய் நுழைகிற ஜீவன், அன்றைக்கு அவர் தள்ளத் தள்ளத்தான் போனது.

"ஆத்தங்கரையில விட்டுருவீங்களா பாய்?" என்றேன்.

"இப்படியே விட்டா சாயங்காலத்துக்குள்ள எறும்பு தின்னுரும், இல்லன்னா பருந்து தூக்கிரும். காயம் ஆறட்டும். கடையில வச்சிருக்கேன்."

பாம்போடு ஒரே அறையில் இந்த மனுஷனா? நான் கேட்டேவிட்டேன்.

"பாய், நீங்க இதெல்லாம் நம்புதீங்களா? அது செத்தா என் பிள்ளைக்கு ஆகாதுங்கிறதை?"

"எங்க ஆளுகளுக்கு அந்த நம்பிக்கை கெடையாது தங்கச்சி." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா பயம்னா என்னன்னு எனக்குத் தெரியும்லா."

புது மண்பானை ஒன்று. அதன் வாய்க்கு ரெட்டைக் காடாத் துணியில் ஒரு மூடி தைத்து, நாடா போட்டு இறுக்கினார். எறும்பு ஏறாமல் இருக்க, பால்பானைக்கு வைப்போமே அதே மாதிரி, ஒரு தாம்பாளத்தில் தண்ணி ஊற்றி நடுவில் பானையை வைத்தார். துணி வெட்டுகிற மேஜைக்குக் கீழே மூலையில் அது இருந்தது. வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிந்தால் ஒருத்தர் உள்ளே வர மாட்டார்கள் என்று வளவுக்குள்ளேயே ரகசியமாக வைத்துக்கொண்டோம். அவர் வீட்டம்மாவுக்குக்கூடத் தெரியாது.

அன்றிலிருந்து மிஷின் சத்தம் நின்றுபோனது. ஏன் தெரியுமா? பெடல் போட வேண்டுமென்றால் காலைக் கீழே தொங்கவிட வேண்டும். அந்த அறையில் காலைத் தரையில் வைக்க அவருக்கு முடியவில்லை. ஸ்டூல் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து கைவேலை மட்டும் பார்த்தார். காஜா எடுத்தார், ஓரம் மடித்தார். பள்ளிக்கூடம் திறந்த நேரம், யூனிபாரம் துணி குவிந்து கிடந்தது. கேட்டு வந்தவர்களிடம் மிஷினில் கோளாறு என்றார். அவர் ஆயுசில் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

தினமும் காலையில் நான் கடை வாசலில் போய் நிற்பேன். "எப்படி இருக்கு பாய்?"

முதல் நாள், "அசையல" என்றார். ரெண்டாம் நாளும் அதே. "பொழச்சிருமா?" என்றேன். வளவில் மற்ற எல்லாரும் எனக்கு ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடியது. டெய்லர் பாய் மட்டும் தலையை ஆட்டி, "தெரியலையே தங்கச்சி. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். நம்ப மாட்டீர்கள், அன்றைக்குத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். என் பயத்தில் ஒரு பங்கை யாரோ வாங்கி மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள் என்று இருந்தது.

நாலாம் நாள் நான் வாசலுக்குப் போகும் முன்பே அவர் தெருவில் நின்றார். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

"சீறிருச்சு தங்கச்சி! தண்ணி ஊத்தக் குனிஞ்சேன், புஸ்ஸுன்னுச்சு பாருங்க, எனக்கு உசுரே போயிட்டு. நல்லாச் சீறுது. நல்ல சீறல்."

நான் அந்தத் தெருவிலேயே நின்று அழுதேன். மத்தியானம் மிஷின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், ஒரு பழைய தகர டப்பாவுக்குள் காலை விட்டுக்கொண்டு, டப்பாவோடு சேர்த்துப் பெடலை மிதித்துக்கொண்டிருந்தார்.

பதிமூன்றாம் நாள் காலையில் காயம் காய்ந்துவிட்டது, விட்டுவிடலாம் என்றார். நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். மாமியார், "ஏட்டி, உனக்குப் புத்தி பெரண்டு போச்சா" என்று திட்டினாள், நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பதிமூன்று நாளும் அவர் என்னோடு ரெண்டு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை.

மேஜைக்குக் கீழே பானை இருந்தது. டெய்லர் பாய் அதைத் தொடாமல் ஒதுங்கி நின்றார்.

"சார், நீங்க தூக்குங்க."

இவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், பாயைப் பார்த்துச் சொல்லவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு. இந்தப் பிள்ளையும் போயிருமோன்னு ரொம்பப் பயமா இருக்கு. மொதல் தடவையே பயந்தேன். உன்கிட்டச் சொன்னா நீயும் பயப்படுவேன்னு சொல்லல."

நாலு வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நாம ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்லா" என்றேன். சண்டை போடுகிற குரலில்தான் வந்தது. அவர் கண் நிறைந்துவிட்டது.

டெய்லர் பாய் கெஜக்கோலை எடுத்துக்கொண்டார். "இப்ப சரியாத் தூக்குவீங்க சார். வாங்க."

இவர் பானையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு சிற்றாற்றங்கரை தாழம்புதர் வரைக்கும் நடந்தார். பானையைச் சாய்த்து வைத்து, நாடாவைக் கெஜக்கோலால் இழுத்துவிட்டு, மூவரும் எட்டி வந்து நின்றோம். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. என் கையை இவர் பிடித்த பிடியில் வளையல் ரெண்டு நெளிந்துபோனது. கடைசியில் தலை வந்தது, நாக்கை நீட்டிப் பார்த்தது, பிறகு உடம்பு முழுக்க வந்தது. வால் பக்கம் மட்டும் கொஞ்சம் கோணலாக இழுபட்டது. ஆனால் போனது. எங்களைத் திரும்பிப் பார்க்காமல் புதருக்குள் போய்விட்டது. டெய்லர் பாய் மணலில் உட்கார்ந்து தலைத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பாடா" என்றார்.

கார்த்திகையில் எனக்குப் பெண் பிறந்தாள். பிறக்கும் முன்னால் பிள்ளைக்குத் துணி தைக்கிறது எங்களில் வழக்கம் இல்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த நான் வளவுக்குத் திரும்பி வந்த அன்றைக்கே டெய்லர் பாய் டேப்போடு வாசலில் வந்து நின்றார். எங்கள் வீட்டுக்காரர் மழுமழுவென்று சவரம் செய்த முகத்தோடு அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் உட்காரவில்லை. தொட்டிலுக்கு ரெண்டடி தள்ளி நின்று, அப்படியே கண்ணாலேயே அளவெடுக்கப் பார்த்தார்.

"அங்கன நின்னு பாத்தா அளவு தெரியுமா பாய்?" என்று கேட்டுவிட்டு, நான் பிள்ளையைத் தூக்கி அவரிடம் நீட்டினேன்.

ஒரு அடி பின்வாங்கினார். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"தங்கச்சி, எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

அதனால்தான் நான் தைரியமாகக் கொடுத்தேன். ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.